கவனம் காக்கும் கருவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் சோம்பலைக் கடிந்துரைக்க 'மடியின்மை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அஃது அறுபத்தோராவது அதிகாரம். அதற்கு ஏழு அதிகாரங்களுக்கு முன்னரே, ஐம்பத்து நான்காவதாகப் 'பொச்சாவாமை' என்று மற்றோர் அதிகாரத்தையும் அவர் வைத்துள்ளார். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு அதிகாரம் என்று மாணவப் பருவத்தில் நான் எண்ணியதுண்டு. உரைகளை ஊன்றிப் படித்த பின்னரே வேறுபாடு விளங்கிற்று. மடி என்பது செயலில் விருப்பமின்மை. பொச்சாப்பு என்பதோ மகிழ்ச்சியில் திளைத்து, செய்யவேண்டியதை மறந்துவிடும் சோர்வு. சோம்பேறிக்கு எதிலும் நாட்டமில்லை. பொச்சாந்தவனுக்கோ வேறொன்றில் நாட்டம் மிகுந்துவிட்டது. இந்த நுட்பமான வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் நம் காலத்துப் பிள்ளைகளையும், ஏன், நம்மையும்கூட நாம் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். கைப்பேசியில் ஆழ்ந்து வீட்டுப்பாடத்தை மறந்த சிறுவனைச் 'சோம்பேறி' என்று ஏசுகிறோம். அவன் சோம்பேறி அல்லன். இரண்டு மணி நேரம் கண்ணிமைக்காமல் ஒன்றில் ஈடுபட்டிருக்கிறான். அவனுக்கு நேர்ந்திருப்பது பொச்சாப்பு.

நான் வாழும் தம்போய், ஜொகூர் பாருவுக்கும் ஸ்கூடாய்க்கும் இடையில் அமைந்த ஊர். வெளியூரார் பலருக்குத் தம்போய் என்றதும் நினைவுக்கு வருவது, 1930களில் இங்கு எழுந்த பெரிய மனநல மருத்துவமனைதான். 'உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பவேண்டும்' என்று கேலி பேசுவோரும் உண்டு. ஆனால் எங்கள் ஊரின் உண்மையான முகத்தை அறிய விழைவோர் விடியற்காலை நான்கரை மணிக்குச் சாலையோரத்தில் வந்து நிற்கவேண்டும். சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தாய்தந்தையரின் மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிச் சாரிசாரியாக விரைவதைக் காணலாம். அவர்கள் திரும்புவதற்கு இரவு எட்டாகும், ஒன்பதாகும். இடைப்பட்ட பொழுதில் பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள ஒரே தொடர்பு கைப்பேசி. ஆதலால் 'கைப்பேசியைப் பிடுங்கி எறியுங்கள்' என்று மேடையில் முழங்குவது எங்கள் ஊருக்குப் பொருந்தாத அறிவுரை. இக்கட்டுரை அத்தகைய முழக்கம் அன்று. சிதறும் கவனத்தை மென்மையாகத் திருப்பும் கருவிகளை மனிதன் எவ்வாறு தேடினான், அத்தேடலில் எங்கெங்கு இடறினான் என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இதன் நோக்கம்.

கவனத்தைக் கட்டிக்காக்க நம் முன்னோர் கையாண்ட வழி மென்மையானதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த காம்பெல் என்னும் ஆங்கிலேயர், 1823இல் சென்னை அரசாங்கத்துக்கு நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை விடுத்தார். காலையில் முதலாவதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், அது சிறப்பு. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி, புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு; அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி ஏறிக்கொண்டே போகும். பாடத்தில் மனம் செலுத்தாதவனை இரு கைகளையும் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் உட்கார்ந்தெழச் செய்வதும் உண்டு என்று அதே அறிக்கை கூறுகிறது. இந்தக் கொடுமைகளுக்கிடையிலும் நம் திண்ணைப் பள்ளிகளில் ஓர் அருமையான வழக்கம் இருந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். மணலில் விரலால் எழுதிப் பழகும் முறையைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், சென்னை எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தில் அதைப் பின்பற்றி, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அஃது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அருகில் ஒருவன் அமர்ந்து, 'எழுத்தைப் பார்' என்று தொட்டு நினைவூட்டுவது பிரம்பைவிடப் பயன் தந்தது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க செய்தி.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் பீடிகையைப் பற்றி எங்களுக்கு ஓயாது வலியுறுத்துவார்கள். பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் மாணவரின் கவனத்தை ஈர்க்கவேண்டும். படம் காட்டு, கதை சொல், பொருளொன்றைப் பைக்குள்ளிருந்து எடு என்பார்கள். ஈர்த்த கவனம் பதினைந்தாம் நிமிடத்தில் எங்கே போகும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அதை நூறாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரியவந்தது. 1890இல் வெளிவந்த பெருநூலிலும், 1899இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட சொற்பொழிவுகளிலும் அவர் இதனை ஆராய்ந்துள்ளார். முயன்று செலுத்தும் கவனம் ஒரு சில நொடிக்கு மேல் தொடர்ந்து நிற்காது. நாம் 'கவனமாயிருந்தேன்' என்று சொல்வதெல்லாம் அலைந்த மனத்தை மீண்டும் மீண்டும் இழுத்து வந்ததைத்தான் என்பது அவர் கருத்து. அலைவதைக் குற்றமாக அவர் கொள்ளவில்லை. மீட்டு வரும் ஆற்றலை வளர்ப்பதே சிறந்த கல்வி என்று கருதினார். அதை எப்படி வளர்ப்பது என்று வழி சொல்வது எளிதன்று என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பிற்காலத்துக் கருவிகளை எடைபோட இதைவிடச் சிறந்த துலாக்கோல் எனக்குக் கிட்டவில்லை. ஒரு கருவி மனத்தைக் கட்டிப் போடுகிறதா, அல்லது மீட்டு வரத் துணைபுரிகிறதா என்று கேட்கவேண்டும்.

கணினி யுகத்தில் இச்சிக்கல் எப்படி முளைத்தது? 1971இல் ஹெர்பர்ட் சைமன் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் இதன் வேரைத் தொட்டார். செய்தி பெருகப் பெருக அது தின்பது மனிதரின் கவனத்தைத்தான். ஆகவே செய்திச் செல்வம் மிகுந்த இடத்தில் கவன வறுமை உண்டாகும் என்பது அவர் கணிப்பு. 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஆகையால் கவனத்தையும் ஒரு பற்றாக்குறைப் பண்டமாகக் கண்டதில் வியப்பில்லை.

அவருக்குப் பின் கலிபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மார்க் வைசர் என்பார் குறிப்பிடத்தக்கவர். கணினிகள் எங்கும் நிறைந்துவிடும் காலம் வரும் என்று 1991இல் எழுதிய அவர், அவ்வாறு நிறையும் கருவிகள் அமைதியாக இருக்கவேண்டுமே என்று கவலையும் கொண்டார். 1995இல் தம் தோழர் ஜான் சீலி பிரவுனுடன் சேர்ந்து 'அமைதித் தொழில்நுட்பம்' என்னும் கருத்தை முன்வைத்தார். அதற்கு அவர்கள் காட்டிய சான்று அழகானது. அந்நிலையத்தில் நடாலி ஜெரெமிஜென்கோ என்னும் கலைஞர், கூரையில் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தி, அதிலிருந்து எட்டடி நீள ஞெகிழிக் கயிறொன்றைத் தொங்கவிட்டார். கட்டடத்தின் கணினி வலையில் செய்தி ஓடும்போதெல்லாம் கயிறு துடிக்கும். நெரிசல் மிகுந்தால் விர்ரென்று சுழலும். அமைதியான நேரத்தில் சில நொடிக்கொரு முறை இலேசாக அசையும். வேலையில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவேண்டியதில்லை. ஓரக்கண்ணுக்கும் காதுக்கும் அது தெரிந்துவிடும். மாட்டின் கழுத்துமணி ஓசையைக் கொண்டே அது மேய்கிறதா, வேலி தாண்டிவிட்டதா என்று திண்ணையிலிருந்தபடியே அறிந்த தோட்டத்துப் பாட்டிமார் இதைக் கேட்டால் வியந்திருக்கமாட்டார்கள். வைசர் 1999இல் இயற்கை எய்தினார். அவர் விரும்பிய அமைதி வரவில்லை. எங்கும் நிறைந்த கணினிகள் மட்டும் வந்தன.

இவ்விடத்தில் ஒரு தந்தையையும் மகனையும் பற்றிக் கூறாமல் மேற்செல்ல இயலாது. 1979இல் ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கிண்டாஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கியவர் ஜெஃப் ரஸ்கின். மனிதனால் ஒரு நேரத்தில் ஒன்றின்மீதே கருத்தைச் செலுத்த முடியும். கருவி அதை மதித்து நடக்கவேண்டும் என்பதை 2000ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். 2005இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் அவருடைய மகன் ஏசா ரஸ்கின், இணையப் பக்கத்தின் அடிக்குச் சென்றதும் 'அடுத்த பக்கம்' என்று அழுத்தவேண்டிய தொல்லை எதற்கு, படிக்கப் படிக்கத் தானே வந்துகொண்டிருக்கட்டுமே என்று முடிவில்லாது உருளும் பக்கத்தை வடிவமைத்தார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் ஓலைச்சுவடிக்கு ஏடு முடியும். அச்சு நூலுக்குப் பக்கம் முடியும். முடியும் இடத்தில் வாசகன் நிமிர்ந்து, விளக்கை அணைப்பதா இன்னொரு பக்கம் படிப்பதா என்று எண்ணுவான். அந்த எண்ணும் இடம் அழிந்தது. தம் படைப்பு இப்படிப் பயன்படுத்தப்பட்டதற்காக வருந்துவதாக ஏசா ரஸ்கின் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். 2018இல் டிரிஸ்டன் ஹாரிசு என்பவருடன் சேர்ந்து மனித நேயத் தொழில்நுட்பத்துக்கென ஒரு மையத்தையும் நிறுவினார். தந்தையின் நூலை மகன் முன்னரே நெஞ்சில் இருத்தியிருக்கக் கூடாதா என்று ஓர் ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நம் நூல்களைப் படிக்கிறார்களா, என்ன!

கருவியைக் கொண்டே கருவியை அடக்கும் முயற்சிகள் இதையொட்டித் தோன்றின. முதலில் வந்தவை பூட்டுகள். 2007இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு 'லீச்பிளாக்' என்னும் துணைநிரலை இயற்றினார். நேரத்தை உறிஞ்சும் தளங்களை அட்டை என உருவகித்த பெயர். ரப்பர்த் தோட்டத்தில் அட்டை கடிபட்ட நம்மவர்க்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. 2008இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஃபிரெட் ஸ்டட்ஸ்மன் 'ஃபிரீடம்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். எட்டு மணி நேரம் வரையில் இணையத் தொடர்பையே துண்டித்துவிடும். இடையில் மனம் மாறினால் கணினியை அணைத்து மறுபடி இயக்கவேண்டும். 2009இல் ஸ்டீவ் லாம்பர்ட் என்னும் கலைஞரின் 'செல்ஃப்கன்ட்ரோல்' வந்தது. அது இன்னும் கடுமையானது. ஒருமுறை தடையிட்டால், கணினியை மறுபடி இயக்கினாலும், மென்பொருளையே அழித்தாலும் குறித்த நேரம் முடியும்வரை தடை நீங்காது. ஆங்கில நாவலாசிரியை ஜேடி ஸ்மித், 2012இல் வெளியான தம் நாவலின் நன்றியுரையில் இவ்விரு மென்பொருள்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். எழுத்தாளர் சங்கத்து நண்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆயினும் தம்மில் எத்தனை பேர் இந்தத் தொகுப்புக்குரிய கட்டுரையை எழுத அமர்ந்து, புலனச் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு, அரைமணி கழித்து மீண்டார்கள் என்பதை அவரவர் நெஞ்சறியும். என் கணக்கை நான் மறைக்கவில்லை. இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை.

பூட்டுக்கு ஒரு குறை உண்டு. பூட்டியவனும் திறக்கத் துடிப்பவனும் ஒருவனே. அவன் திறவுகோலைத் தேடுவதில் பாதிப் பொழுதைக் கழிப்பான். கட்டிப்போட்ட மனம் பழகிய மனமாகாது. இதை உணர்ந்தோர் வேறு வழியை நாடினர். 2014இல் தைவானிலிருந்து வெளிவந்த 'ஃபாரஸ்ட்' என்னும் செயலி அவற்றுள் ஒன்று. வேலையைத் தொடங்கும்போது திரையில் ஒரு விதையை ஊன்றவேண்டும். கைப்பேசியைத் தொடாதிருந்தால் அது மரமாக வளரும். இடையில் வேறு செயலிக்குத் தாவினால் பட்டுப்போகும். தடை ஏதுமில்லை, ஏச்சும் இல்லை. ஒரு கன்று வாடுமே என்னும் இரக்கமே காவல். சேரும் புள்ளிகளைக் கொண்டு ஓர் அறநிறுவனத்தின் வாயிலாக மெய்யான மரங்களை நடவும் வழிசெய்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் இதைக் காலந்தாழ்த்தியே கண்டன. மேற்சொன்ன டிரிஸ்டன் ஹாரிசு, 2013இல் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றியபோது, பயனரின் கவனத்தை நாம் மதிக்கவேண்டும் என்று வேண்டி நூற்று நாற்பத்தொரு பட வில்லைகள் கொண்ட ஓர் உரைப்படிவத்தைச் சக ஊழியர்களுக்கு அனுப்பினார். நிறுவனத்துக்குள் அது கைக்குக் கை பரவிப் பேசப்பட்டது. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்தே அதன் எதிரொலி வெளியில் கேட்டது. 2018 மே 8ஆம் நாள் கூகுளின் ஆண்டு மாநாட்டு மேடையில் 'டிஜிட்டல் நலவாழ்வு' என்னும் திட்டத்தை அறிமுகம் செய்தவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. நாளெல்லாம் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போயிற்று என்று கணக்குக் காட்டுதல், செயலிக்கு நேர வரம்பு விதித்தல், உறங்கும் வேளையில் திரையின் வண்ணங்களை நீக்கிச் சாம்பல் நிறமாக்குதல், யூடியூபில் 'சற்று ஓய்வெடுங்கள்' என்று நினைவூட்டுதல் முதலியன அதில் அடங்கும். அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனமும் இதை ஒத்த ஏற்பாட்டை அறிவித்தது. ஒரு தமிழர் இதை அறிவித்தது நமக்குப் பெருமைதான். ஆயினும் விளம்பரத்தால் வாழும் நிறுவனம், பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயத்தையும் மறைப்பதற்கில்லை. வரம்பு முடிந்தது என்று திரை சொன்னாலும், இரண்டு அழுத்தில் அதை நீக்கிவிட என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்குக் காட்டினால் மட்டும் கடன் அடைந்துவிடுமா?

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பாலம் மூடப்பட்டது. அன்றாடம் சென்று திரும்பியவர்கள் ஒரே இரவில் முடிவெடுக்கவேண்டியிருந்தது, வேலையா, வீடா? வேலையைத் தேர்ந்தவர்கள் துணிமூட்டையோடு சிங்கப்பூரிலேயே தங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு வழி திறந்தது. ஆனால் குறைந்தது தொண்ணூறு நாள் அங்கு வேலைசெய்த பின்னரே விடுப்பில் வரலாம், வந்தாலும் தனிமைப்படுத்தல் உண்டு. 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் எல்லை முழுமையாகத் திறந்தது. இரண்டாண்டுக் காலம் எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மா என்பவர் கையகலத் திரையில் தோன்றும் முகமாகவே இருந்தார்.

பள்ளிகளும் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலுக்கு மாறின. 2021 ஜனவரியில் புதிய பள்ளியாண்டும் இணையத்திலேயே தொடங்கிற்று. கூகுள் மீட்டில் இருபத்தெட்டுப் பெயர்கள் தெரியும். இருபது முகங்கள் தெரியா. அழைத்தால் மறுமொழி வரச் சிறிது நேரமாகும். பக்கத்துச் சன்னலில் காணொளி ஓடுகிறது என்பது அந்தத் தாமதத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த இளம் ஆசிரியை ஒருவரும், எங்களிடம் பயின்று ஸ்கூடாயில் கணினித்துறையில் படித்துக்கொண்டிருந்த முன்னாள் மாணவர் ஒருவரும் கூடிப் பேசி, உலாவிக்கு ஒரு சிறு துணைநிரலை இயற்றினார்கள். பெற்றோரின் இசைவுடன் சில பிள்ளைகளின் மடிக்கணினியில் அது பொருத்தப்பட்டது. யாரையும் உளவு பார்ப்பதில்லை, எதையும் எவருக்கும் அனுப்புவதில்லை, தடுப்பதுமில்லை. வகுப்பு நேரத்தில் பட்டியலிட்ட தளம் ஒன்றைத் திறந்தால், பத்து நொடி வெண்ணிறப் பக்கம் ஒன்று தோன்றும். அதில் 'எதைத் தேடி வந்தீர்கள்?' என்ற ஒரே வரி. பின்னர் இரண்டு பொத்தான்கள், 'திரும்புகிறேன்', 'தொடர்கிறேன்'. அவ்வளவே.

அந்த ஒரு வரிக்காக நாங்கள் மூவரும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதிட்டோம். 'வந்தாய்' என்றிருந்ததை 'வந்தீர்கள்' என்று மாற்றியவர் ஆசிரியை. பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு மரியாதைப் பன்மை என்று நான் கேட்டேன். 'ஐயா, வீட்டில் தனியாக இருக்கிற பிள்ளை. கணினியாவது மரியாதையாகக் கேட்கட்டுமே' என்றார். நான் வாயடைத்துப் போனேன். ஆயினும் தலைமையாசிரியன் என்ற உரிமையில் ஒன்றைப் புகுத்தினேன். கேள்விக்குக் கீழே நாளுக்கொரு நன்மொழி வரவேண்டும். காலத்தின் அருமை, கல்வியின் சிறப்பு, பெற்றோரின் உழைப்பு. முப்பது வாக்கியங்களை நானே எழுதிக் கொடுத்தேன். பயனர்க்கு எரிச்சல் உண்டாகும் என்று முன்னாள் மாணவர் பணிவோடு சொன்னார், நான் கேட்கவில்லை. இரண்டு வாரங் கழித்து ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், நேற்றைய நன்மொழி யாது என்று கேட்டேன். அவன் விழித்தான். 'கீழே ஏதோ எழுத்து இருக்கும், ஐயா. அது வந்தால் பொத்தான் வரப்போகிறது என்று தெரியும்' என்றான். என் முப்பது நன்மொழிகளும் மணியடிக்கும் வேலையைத்தான் செய்திருக்கின்றன. அன்றே அவற்றை நீக்கச் சொன்னேன்.

என் தவறு எனக்கு மட்டும் உரியதன்று என்பதை 2023இல் அறிந்தேன். ஜெர்மனியில் ஃபிரடெரிக் ரீடல் என்னும் இளைஞர் 'ஒன் செக்' என்ற செயலியை இயற்றியிருந்தார். எங்கள் துணைநிரலுக்கு அண்ணன் முறை எனலாம். பழக்கத்தால் ஒரு செயலியைத் திறக்கப் போனால், முதலில் ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்லும். இன்று எத்தனையாவது முறை இங்கு வருகிறீர்கள் என்று காட்டும். பின்னரே வழிவிடும் அல்லது திரும்பிச் செல்ல வாய்ப்பளிக்கும். அவரும் ஆய்வாளர் இருவரும் சேர்ந்து அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 280 பேரின் ஆறு வாரப் பழக்கத்தை ஆராய்ந்தது. நூற்றில் முப்பத்தாறு முறை மக்கள் அந்த இடைநிறுத்தத்தைக் கண்டதும் திரும்பிவிட்டனர். ஆறாம் வாரத்தில், திறக்க முயல்வதே முதல் வாரத்தை நோக்க நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு குறைந்திருந்தது. இதனோடு மற்றோர் ஆய்வில், அச்செயலியின் கூறுகளை ஒவ்வொன்றாக நீக்கி, எது வேலை செய்கிறது என்றும் பார்த்தனர். திரும்பிச் செல்ல ஒரு வாயில் இருப்பதே பெரும்பயன் அளித்தது. சிறு தாமதமும் ஓரளவு உதவிற்று. சிந்தித்துப் பார்க்கச் சொல்லும் வாசகத்தால் மட்டும் பயனில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காலைக்கூட்டத்தில் அறிவுரை வழங்கிவரும் எனக்கு இதைப் படித்தபோது உண்டான உணர்ச்சியை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கருவியால் முற்றும் இயலாதோரும் உள்ளனர் என்பதையும் சொல்லியாகவேண்டும். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம், தொழில்நுட்பத்தின் பிடியிலிருந்து மீள முடியாதவர்களுக்கென்றே 2014இல் தனி மருத்துவப் பிரிவொன்றைத் தொடங்கிற்று. உறக்கமும் உணவும் கெடும் அளவுக்குச் சென்றுவிட்ட பிள்ளைக்குப் பத்து நொடி வெண்பக்கம் மருந்தாகாது, மருத்துவரை நாடவேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்படும் பெற்றோர் எங்கள் ஊரிலும் உண்டு. மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதுதான் கூச்சத்துக்குக் காரணமோ என்னவோ!

எங்கள் துணைநிரலின் கதையில் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் பத்தரை மணியளவில் 'தொடர்கிறேன்' என்பதையே அழுத்துகிறாள் என்று அவளுடைய பாட்டியார் ஆசிரியையிடம் தெரிவித்தார். பேத்தி பொத்தானை அழுத்திவிட்டு அழுகிறாளாம். கடிந்துகொள்ளத்தான் நான் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பிறகுதான் செய்தி தெரிந்தது. அவளுடைய தாயார் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பத்து மாதமாக வீடு திரும்பவில்லை. அவருக்குத் தேநீர் இடைவேளை பத்தரைக்கு, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் முகநூல் வழி அழைப்பார். நாங்கள் முகநூலைப் பட்டியலில் சேர்த்திருந்தோம். அம்மாவின் அழைப்பு வந்து ஒலித்துக்கொண்டிருக்க, பிள்ளையிடம் எங்கள் கருவி, எதைத் தேடி வந்தீர்கள் என்று பத்து நொடி மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று இரவே முன்னாள் மாணவர் அதைத் திருத்தினார். அழைப்புகள் எந்நேரமும் தடையின்றி வரும்; பட்டியலை இனிப் பள்ளி வகுக்காது, பிள்ளையும் வீட்டாரும் அமர்ந்து வகுத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்வர். ஆசிரியை அம்மாணவியின் கால அட்டவணையையும் மாற்றி, பத்தரைக்குத் தொடங்கும் அறிவியல் பாடத்தைப் பத்தே முக்காலுக்குத் தள்ளிவைத்தார். மற்ற பிள்ளைகளுக்கு அதன் காரணம் தெரிவிக்கப்படவில்லை. எல்லை திறந்த பின்னர், ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தாயார் மகளின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட நேரில் வந்தார். கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்து, அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'சொல்லுங்கள், ஐயா' என்றார்.